வைகைக் கரைச் சுவரை உயர்த்தினால் செல்லூருக்குள் தண்ணீர் வராதா?

கேட்டவர் மதுரை செல்லூர்க்காரர். பந்தல்குடி கால்வாயிலிருந்து மூன்றாவது தெருவாம். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. "வைகையின் இரு கரையிலும் கட்டியிருக்கும் சுவரை இன்னும் ஐந்தடி உயர்த்தினால் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் வருவது நின்றுவிடுமா? அதுவரைக்கும் வீட்டு வாசற்படியை உயர்த்திக்கொள்வது நல்லதா?" இவ்வளவுதான் கேள்வி. ஆனால் இதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: அன்றைக்கு வீட்டுக்குள் வந்தது யாருடைய தண்ணீர்? அதற்குப் பதில் தெரியாமல் சுவரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் சிவில் எஞ்சினியர். கண்மாய்க் கரை, ஆற்றங்கரைச் சுவர், சின்னச் சின்ன மதகுகள் ஆகியவற்றுக்கு மண் பரிசோதனையும் டிசைனும் செய்துகொடுத்து 28 வருஷம் ஓடிவிட்டது. வைகைச் சுவரில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை, அதன் வரைபடமும் என் கையில் இல்லை. ஆகவே அந்தச் சுவரின் உயரம் போதுமா போதாதா என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது அளவு எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். அளவு எடுக்காமலே உறுதியாகச் சொல்லக்கூடியவையும் நிறைய இருக்கின்றன.

ஆற்றுத் தண்ணீர் சொல்லிவிட்டுத்தான் வரும். வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனி முதல் ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும், கரையோரத்தில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வார்கள். திறந்த தண்ணீர் ஆண்டிபட்டிப் பக்கமிருந்து மதுரை வந்து சேரவும் மணிக்கணக்கில் ஆகும். அணைக்குக் கீழே மஞ்சளாறு, மருதாநதி என்று வேறு ஆறுகளும் வந்து சேர்வதால் அணையில் திறந்த அளவுதான் மதுரையில் ஓடும் என்று கணக்குப் போட முடியாது. ஆனாலும் பெட்டி படுக்கையை மாடியில் ஏற்ற அவகாசம் கிடைக்கும். உங்களுக்கு அக்டோபர் 25 அன்று அந்த அவகாசம் கிடைத்ததா? பிற்பகலில் மழை பிடித்தது, சிறிது நேரத்திலேயே தெரு ஆறாகிவிட்டது. அன்றைக்கு வைகை தன் கரையை மீறி ஓடவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தது வைகைத் தண்ணீர் இல்லை. வைகைக்குப் போக வேண்டிய தண்ணீர்.

செல்லூர் இருப்பது வைகையின் வடகரையில். வடகரைக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள, மதுரையைக் கொஞ்சம் பழைய கண்ணால் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் முழுக்கக் கண்மாய்ச் சங்கிலி. மேலே உள்ள கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்ற வழிந்தோடும் வாய் வழியாக மறுகால் பாயும், அது அடுத்த கண்மாய்க்கு, அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு, கடைசியில் வைகைக்கு. உலகனேரி என்ற பெயரிலேயே ஏரி இருக்கிறது. இன்று உயர்நீதிமன்றக் கிளை இருப்பது அங்கேதான். தல்லாகுளத்தில் குளம் எங்கே என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கண்மாய்கள் போனாலும் சரிவு போகவில்லை. மழை பெய்தால் தண்ணீர் பழைய பாதையைத் தேடித்தான் வரும், நடுவில் தேங்கி நிற்க இடமில்லாததால் முன்பைவிட வேகமாக வரும். பந்தல்குடி கால்வாய் அந்தப் பாதைகளில் ஒன்று. நரிமேடு, செல்லூர் பக்கமாக வந்து வைகையில் விழுகிறது. வழியில் வீட்டுச் சாக்கடை, பிளாஸ்டிக், மெத்தை, கட்டிட இடிபாடு எல்லாம் அதில்தான். (தென்கரையின் கதை வேறு. அங்கே பெரும்பகுதித் தண்ணீர் வைகைக்கே வராமல் கிருதுமால் நதி வழியாகக் குண்டாற்றுப் பக்கம் போகும்படி அமைந்த பூமி. கிருதுமாலை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றித் தனியாக ஒரு பதில் எழுத வேண்டும்.)

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பத்துக் கோடி லிட்டர். மண்ணும் மரமும் பாதியை உறிஞ்சின என்றே வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் ஐந்து கோடி. தெருவில் வந்து டீசல் வாசனையோடு இரைகிறதே, அந்தப் பம்ப் நொடிக்கு 100 லிட்டர் தள்ளுகிறது என்றால், இந்த ஐந்து கோடியை ஒரே பம்ப் வெளியேற்ற கிட்டத்தட்ட ஆறு நாள் ஆகும். செல்லூருக்கு வந்து சேரும் நீர் ஒரு சதுர கிலோமீட்டரிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆக இந்தத் தண்ணீர் தானாக, சரிவிலேயே, கால்வாய் வழியாக ஆற்றில் விழுந்தாக வேண்டும். அது விழும் வாய் எவ்வளவு அகலம், அதன் அடிமட்டம் எவ்வளவு, அப்போது ஆற்றில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, இந்த மூன்றும்தான் உங்கள் தெருவின் தலையெழுத்து. சுவரின் உயரம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அந்த மழைக்குப் பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு நேராக ஒரு சிமென்ட் கால்வாய் கட்ட அரசு அறிவித்தது. எந்தச் சுவரையும்விட உங்களுக்குச் சம்பந்தமான வேலை அதுதான்.

அப்படியானால் ஆற்றுச் சுவர் வீணா என்றால், இல்லை. 1993 நவம்பரில் வைகை வந்த வரத்தை மதுரையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு கரை மீறுவது அடிக்கடி நடக்காது, நடந்தால் கால்வாய் வெள்ளத்தைவிடப் பல மடங்கு நாசம் செய்யும். அதற்குக் கரை வேண்டும். இந்த ஊருக்கு அது புதுச் செய்தியும் இல்லை. ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் இன்றைக்கும் நடக்கிற பிட்டுத் திருவிழாவின் கதை என்ன? வைகை பெருகுகிறது, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. எல்லார் பங்கும் அடைபடுகிறது, வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடவில்லை. அவளுக்காக வந்த கூலியாள் பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்குகிறார். பக்தர்களுக்கு அது சிவன் பிரம்படி வாங்கிய கதை. எனக்கு அது கரை டிசைன் பாடமாகவும் தோன்றும். ஊர் முழுக்கச் சுவர் எழுப்பிவிட்டு ஓரிடத்தில், ஒரு படித்துறை வழியிலோ பாலத்துக்கு இறங்கும் சாலையிலோ, நாலடி தாழ்வாக விட்டால் ஆறு அந்த நாலடியில்தான் நுழையும். மற்ற இடங்களில் உயர்த்தியதற்குச் செலவழித்த பணம் ஆற்றோடு போனது மாதிரிதான். ஐந்தடி உயர்த்தச் சொல்லிக் கேட்பதற்கு முன்பு, இப்போதுள்ள சுவரின் மேல்மட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எங்காவது தாழ்ந்து போகிறதா என்று லெவல் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சர்வேயரும் உதவியாளரும் சில நாளில் முடித்துவிடுவார்கள்.

உயரத்தைப் பற்றிக் கேட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுத் தர விதிகளின்படி வயல்களைக் காக்கும் கரை என்றால் 25 ஆண்டு வெள்ளத்துக்கும், ஊரைக் காக்கும் கரை என்றால் 100 ஆண்டு வெள்ளத்துக்கும் கணக்குப் போட வேண்டும். அந்த வெள்ளமட்டத்துக்கு மேலே இன்னும் ஒன்றரை மீட்டர், பெரிய ஆறுகளுக்கு 1.8 மீட்டர், பாதுகாப்புக்கு விட வேண்டும். நூறு ஆண்டு வெள்ளம் என்பதை நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவது என்று எடுத்துக்கொண்டு, "93-ல் வந்துவிட்டது, இனி 2093-தான்" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். முப்பது வருஷ வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் ஒருமுறையாவது அதைப் பார்ப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. இன்னொன்று, அந்த நூறு ஆண்டு வெள்ளம் எவ்வளவு கன அடி என்பதே மதிப்பீடுதான். அறுபது எழுபது வருஷ அளவீட்டை வைத்துக்கொண்டு நூறு வருஷத்தை ஊகிக்கிறோம். பதினைந்து நிமிஷத்தில் கொட்டித் தீர்க்கிற மழைகளை இப்போது பார்க்கிறபோது, அந்தப் பழைய கணக்கை நான் முழுசாக நம்புவதில்லை. எந்த எஞ்சினியராவது ஒரே எண்ணைச் சொல்லி அடித்துப் பேசினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சுவரின் உயரத்தைவிட அது நிற்கும் இடம் எனக்கு முக்கியம். 300 மீட்டர் அகலத்தில் 4 மீட்டர் ஆழத்துக்கு ஓடும் ஓர் ஆற்றை, இரு பக்கமும் சாலைக்காகக் கொஞ்சம் கொஞ்சம் நெருக்கி 240 மீட்டராக்கினால், அதே வெள்ளம் ஏறத்தாழ 4.6 மீட்டர் ஆழத்தில் ஓடும். அதாவது நீங்கள் கேட்கிற ஐந்தடியில் இரண்டடியை அந்த நெருக்கலே தின்றுவிடும். தண்ணீரின் வேகமும் கூடும், அடி அரிப்பும் கூடும். இந்த எண்கள் உதாரணத்துக்கு நான் போட்டவை, வைகையின் அளவுகள் இல்லை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்த கரையோரச் சாலை ஆற்றுக்குள் இறங்கிவிட்டது என்று ஊரில் பலர் சொல்வதுண்டு. பழைய சர்வே வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டால்தான் எங்கே எவ்வளவு என்று நியாயமாகப் பேச முடியும். ஆற்றுக்குள்ளே ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும் அடைந்து கிடப்பதும், பழைய ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே குப்பை சிக்கி நிற்பதும் அதே வேலையைச் செய்கின்றன. அதைச் சுத்தம் செய்ய வரைபடம்கூட வேண்டாம்.

அப்புறம் அஸ்திவாரம். வெள்ளக் கரை உடைந்தது என்றால் தண்ணீர் மேலே ஏறி வழிந்துதான் உடைந்திருக்கும் என்று நினைப்போம். 2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சில கால்வாய்ச் சுவர்கள், தண்ணீர் சுவரின் தலையைத் தொடுவதற்கு முன்பே சாய்ந்தன. அடியிலிருந்த மண் வலுவில்லாதது. 2008 ஆகஸ்டில் கோசி ஆற்றுக் கரை நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் உடைந்து பீகாரின் பல மாவட்டங்களை மூழ்கடித்தபோது, ஆற்றில் ஓடிய வெள்ளம் அந்தக் கரை தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. வைகைப் படுகை மணல். மணலில் சுவர் கட்டினால் தண்ணீர் சுவருக்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஊற்றாக எழும். அதைத் தடுக்கச் சுவருக்குக் கீழே ஆழமாக ஒரு மறைப்பு இறக்க வேண்டும். அந்தச் செலவு கண்ணுக்குத் தெரியாது, திறப்பு விழாவில் காட்டவும் முடியாது. ஏற்கெனவே நிற்கிற சுவரின் தலையில் ஐந்தடி ஏற்றினால் அதன் காலுக்கு வரும் பாரமும் தள்ளலும் வெகுவாகக் கூடும். தண்ணீரின் தள்ளு விசை உயரத்தோடு நேராகக் கூடுவதில்லை, உயரத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. பழைய டிசைனை எடுத்துச் சரிபார்க்காமல் மேலே ஏற்றிக் கட்டினால், இருக்கிற பாதுகாப்பும் போய்விடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தது கல்லூரி இல்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய் ததும்பி நின்ற இரவில், நான் கரை மேல் டார்ச் அடித்து, தண்ணீர் மட்டம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் நீர்பாய்ச்சிப் பெரியவர், எழுபது வயதிருக்கும், என் கையைப் பிடித்துக் கரைக்குப் பின்பக்கம் இறக்கினார். "கரைக்கு முன்னாடி என்ன தம்பி பாக்குறீங்க? பின்னாடி பாருங்க." கரையின் காலடியில், புல்லுக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அவர் அதில் ஒரு கை அள்ளி டார்ச் வெளிச்சத்தில் பிடித்தார். "தெளிஞ்சு வந்தா கசிவு, கெடக்கட்டும். கலங்கி வந்தா கரைய உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்." கலங்கித்தான் வந்தது. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீரை இடுப்பளவு நிற்க விட்டார்கள். ஊற்றை நேராக அடைக்கக் கூடாது, அடைத்தால் பக்கத்தில் வேறு கண் திறக்கும். அதன் மேல் தண்ணீர்ப் பாரம் ஏற்றி வேகத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். விடியும்போது தெளிந்து வர ஆரம்பித்தது. பின்னால் பல வருஷம் கழித்து எஞ்சினியரிங் கையேட்டில் அதே முறையைப் படத்தோடு பார்த்தேன். ஆற்றங்கரைச் சுவரையொட்டி வீடு இருப்பவர்கள், வெள்ள நாளில் சுவருக்கு ஊர்ப்பக்கத் தரையைப் பாருங்கள். கலங்கல் ஊற்றைக் கண்டால் யாருக்கும் காத்திருக்காமல் சத்தம் போடுங்கள்.

இனி, சுவரும் கால்வாயும் சந்திக்கிற இடம். உங்கள் பிரச்சினைக்கு இதுதான் மையம் என்பது என் கணிப்பு. சுவர் கட்டினால் கால்வாய் ஆற்றில் விழும் இடத்தில் ஓர் ஓட்டை விட வேண்டும். ஓட்டை விட்டால் ஆறு பெருகும்போது தண்ணீர் அதே ஓட்டை வழியாக ஊருக்குள் திரும்பும். அதற்காக ஒரு ஷட்டர் வைப்பார்கள். மேலே கீல் போட்ட இரும்புக் கதவு, ஆற்றுப் பக்கம் மட்டும் திறக்கும், ஆறு ஏறினால் தானாக மூடிக்கொள்ளும். வரைபடத்தில் அழகாக இருக்கும். தென் மாவட்டத்தில் ஓர் ஊரில் நான் டிசைன் செய்துகொடுத்த அப்படியொரு கதவை மூன்று வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு சேலை, இரண்டு இளநீர்க் கூடு, ஒரு தலையணை. கதவு கால்வாசி திறந்தபடி துருப்பிடித்து நின்றுவிட்டது. ஆறு ஏறினால் மூடாது, மழை பெய்தால் முழுசாகத் திறக்காது. முன்னால் குப்பை பிடிக்கும் கம்பிச் சட்டம் போடச் சொல்லி எழுதியிருந்தேன், ஒப்பந்ததாரர் அதைச் செலவுக் குறைப்பில் எடுத்துவிட்டார். என் தப்பும் உண்டு. கம்பிச் சட்டம் இருந்தாலும் அதில் சேரும் குப்பையை யார் தினமும் அள்ளுவார் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்தக் கதவு நன்றாக வேலை செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. ஆறு பெருகியிருக்கும் அதே நேரத்தில் ஊருக்குள்ளும் மழை கொட்டினால்? கதவு மூடியிருக்கும், உள்தண்ணீர் போக வழி இருக்காது. அந்தச் சில மணி நேரத்துக்கு அதை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது பெரிய பம்ப் நிலையம் வைத்து ஆற்றுக்குள் தூக்கி ஊற்ற வேண்டும். முதல் வழிக்கு நம்மிடம் ஏற்கெனவே செல்லூர் கண்மாய் இருக்கிறது. தூர் வாரி, மழைக்காலத்துக்கு முன்பே அதில் கொஞ்சம் இடம் காலியாக வைத்திருந்தால் அதுதான் நமக்கு மலிவான வெள்ளத் தடுப்பு. நிலத்தடி நீருக்காகக் கண்மாயை எப்போதும் நிறைத்து வைக்க வேண்டும் என்று சொல்கிறவர்களும் நியாயமாகத்தான் கேட்கிறார்கள், ஆனால் நிறைந்த கண்மாய் வெள்ளத்தை வாங்காது. எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும், எந்த மாதம் முதல் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வராது. என் கருத்தைக் கேட்டால், செப்டம்பர் கடைசியில் அரைக் கண்மாய்க்கு மேல் வைக்காதே என்பேன். இது அனுபவத்தில் வந்த அபிப்பிராயம், கணக்குப் போட்டு நிரூபித்தது இல்லை.

உங்கள் வார்டு கூட்டத்தில் கேட்பதென்றால் "சுவரை உயர்த்துங்கள்" என்று கேட்காதீர்கள். சுவர் கேட்டால் சுவர் கிடைக்கும், படம் எடுத்துப் போடவும் நன்றாக இருக்கும். அதற்குப் பதிலாக, பந்தல்குடி கால்வாய் ஆற்றில் விழும் வாயின் அடிமட்டம் என்ன, வைகையில் எவ்வளவு கன அடி ஓடினால் அந்த வாய் மூழ்கும், அங்கே ஷட்டர் இருக்கிறதா, மழை இரவில் அதை இயக்கும் ஆளின் கைபேசி எண் என்ன என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வர நாளாகும். விடாதீர்கள்.

வாசற்படி விஷயம். உயர்த்துங்கள், தப்பில்லை. 2024-ல் சுவரில் தண்ணீர் நின்ற கறை இன்னும் இருந்தால் அதற்கு ஒன்றரை அடி மேலே கணக்கு வையுங்கள். தெருவில் எல்லாரும் உயர்த்திக்கொண்டே போனால் உயர்த்தாத ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் சேரும் என்பதையும் பக்கத்து வீட்டாரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் படியை மட்டும் உயர்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. செல்லூர் மாதிரிப் பகுதிகளில் தண்ணீர் பெரும்பாலும் வாசல் வழியாக முதலில் வராது, கழிப்பறை வழியாகத்தான் வரும். தெருச் சாக்கடை நிறைந்ததும் உங்கள் குழாய் வழியாகவே திரும்பி, குளியலறை ஜாலியில் குமிழ் விடும். வீட்டுக் குழாய் தெருச் சேம்பரில் சேரும் இடத்தில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போடச் சொல்லுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், உங்கள் பிளம்பருக்கு அரை நாள் வேலை. அது மூடியிருக்கும்போது உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது, அதனால் மழை விடும்வரை கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து முடியையும் சோப்புக் கசடையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் நான் பார்த்த அந்தக் கதவு மாதிரிக் கால்வாசி திறந்தபடி நின்றுவிடும்.